அக்காவின் முழங்காலும் நூற்றெட்டுத் தோப்புக்கரணமும்

எங்கள் கரப்பந்து அணியிடம் ஒரேயொரு திட்டம்தான் இருந்தது. பந்தை அக்காவிடம் கொடு. மற்ற அணிக்காரர்கள் ஆட்டம் தொடங்குமுன் வட்டமாக நின்று, மண்ணில் கோடு கிழித்து, ஏதேதோ பேசிக்கொள்வதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாக வரும். எங்களுக்குப் பேசிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. அணித்தலைவி நான். எல்லோரையும் கூப்பிட்டு, கைகளை ஒன்றன்மேல் ஒன்று வைக்கச் சொல்லி, "அக்காவுக்குக் குடுங்கடி" என்பேன். என் தலைமைத்துவம் அத்தோடு முடிந்துவிடும்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. உயர்தர வகுப்புவரை படித்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளைத் தோட்டப் பாடசாலைகளுக்கே ஆசிரியர்களாக எடுத்து, சில வருடங்கள் படிப்பிக்கவிட்டு, பிறகு பயிற்சிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஊவா மலைகளின் நாலா பக்கமிருந்தும் வந்து, பதுளைக்குச் சற்று வெளியே இருந்த ஓர் ஆசிரியர் கலாசாலையின் விடுதியில் விழுந்தவர்கள் நாங்கள். எனக்கு இருபத்து நான்கு வயது. ஹாலிஎலவில் வளர்ந்த வேதக்காரப் பிள்ளை. உயரமும் இருந்தது, வாயும் இருந்தது. இரண்டையும் பார்த்துத்தான் என்னைத் தலைவியாக்கினார்கள் என்று நினைக்கிறேன்.

அக்காவுக்கு முப்பத்தேழு. மூன்று பிள்ளைகளின் தாய். எங்களில் பலர் பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன காலத்திலேயே பெரிய அணிகளுக்கு விளையாடியவர். பிந்திப் படித்து, பிந்தி வேலை கிடைத்து, எங்களோடு வந்து சேர்ந்திருந்தார். விடுதியில் எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட மூத்த சமையற்காரம்மாவும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

கரப்பந்து பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தார் பந்தை மூன்று தடவைதான் தொடலாம். முதலாமவர் வருகிற பந்தை எடுப்பார். இரண்டாமவர் அதை வலையோரமாகத் தூக்கிக் கொடுப்பார். மூன்றாமவர் எம்பி அடிப்பார். கைதட்டல் முழுக்க அடிக்கிறவருக்குத்தான். ஆனால் நடுவில் தூக்கிக் கொடுக்கிறவர், செட்டர் என்பார்கள், அவர் சரியில்லாவிட்டால் அடிக்கிறவர் காற்றைத்தான் அடிக்கவேண்டும். எங்கள் செட்டர் அக்கா. அவர் விரல்களுக்குப் போன பந்து சத்தமே போடாது. நான் கண்ணை மூடிக்கொண்டு எம்பினாலும் என் கைக்கு நேரே வந்து நிற்கும். அந்த வருடம் எல்லோரும் என்னைப் பெரிய அடிகாரி என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டு திரிந்தேன்.

ஒரே குறை, அக்காவின் இடது முழங்கால். கடைசிப் பிள்ளை பிறப்பதற்கு முன், மொனராகலையில் ஏதோ ஒரு போட்டியில் எம்பி இறங்கும்போது திரும்பிவிட்டதாம். அன்றிலிருந்து அதற்கு நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. நல்ல நாளில் மற்ற முழங்காலைப்போல் அடக்கமாக இருக்கும். கெட்ட நாளில் பப்பாசிக்காய் அளவுக்கு வீங்கி, பாவாடைக்கு வெளியே தெரியும்.

அதனால் நாங்கள் ஆட்டத்தையே அந்த முழங்காலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டோம். அக்கா ஓடக்கூடாது. எம்பக்கூடாது. வலையோரமாக ஒரு சின்ன வட்டம் போட்டு, அதற்குள் அக்காவை நிறுத்திவிட்டு, எந்த மூலைக்கு வருகிற பந்தையும் அந்த வட்டத்துக்குள் அனுப்பப் பழகினோம். பந்துதான் அக்காவைத் தேடிப் போகவேண்டும், அக்கா பந்தைத் தேடிப் போகக்கூடாது என்பது எங்கள் சட்டம். மாலை மாலையாக அதை மட்டும்தான் பழகினோம். யாராவது இரண்டடி தள்ளி அனுப்பினால் நான் போட்ட சத்தத்தில் ஆண்கள் விடுதிக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள்.

விடுதிக்குள்ளும் அதே கதைதான். அக்காவுக்குக் கீழ்க்கட்டில். அக்காவின் வாளியைக் குழாயடிக்குக் கொண்டுபோக ஒருத்தி, கொண்டுவர இன்னொருத்தி. நாங்கள் பாயில் உட்கார்ந்து படித்தால் அக்காவுக்கு மட்டும் கதிரை. ஒருநாள் புத்தகம் ஒன்று கீழே விழ, நான்கு பேர் குனிந்து ஒருவர் தலையை ஒருவர் இடித்துக்கொண்டோம்.

"என்னைய என்ன புள்ளத்தாச்சின்னு நெனச்சீங்களா?" என்று அக்கா சத்தம் போட்டார். "தள்ளுங்கடி அங்கிட்டு."

நாங்கள் தள்ளவில்லை.

விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்த விரிவுரையாளர் யாழ்ப்பாணத்தவர். மெதுவாகப் பேசுவார், ஆனால் சொன்னதையே சொல்லுவார். அவருக்கு எங்கள் ஏற்பாடு பிடிக்கவில்லை. ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பிள்ளை, உம்மட ரீமிலை ஆறு பேர் இல்லை. ஒரு முழங்கால்தான் இருக்கு. அந்த முழங்காலுக்கு ஒருநாள் லீவு வேணுமெண்டா என்ன செய்வீர்? இன்னொரு ஆளைப் பழக்கும். நீரே பழகலாமே, கை நல்லாத்தானே இருக்கு."

"அக்காவுக்கு ஒண்ணும் ஆகாது சேர்" என்றேன்.

அவர் கேட்டது வேறு, நான் சொன்னது வேறு. அவரும் அன்று அதற்குமேல் வற்புறுத்தவில்லை. நானும் பழகவில்லை. அடிக்கிறவள் போய் யாராவது தூக்கிக் கொடுக்கப் பழகுவாளா என்ற திமிர்தான், வேறு காரணம் இல்லை.

அந்த முழங்கால் எதற்கு வேண்டும் என்பதை நான் அக்காவின் வீட்டுக்குப் போன ஒரு வார இறுதியில்தான் பார்த்தேன். அக்காவின் தோட்டம் பசறைப் பக்கம். கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. வீடு கீழே, பஸ் போகிற பாதையோரம். அக்கா படிப்பித்த பாடசாலை தோட்டத்தின் மேல் டிவிஷனில், தேயிலைக்கு நடுவே கல் பதித்த முந்நூறு சொச்சம் படிகளுக்கு மேலே இருந்தது. சனிக்கிழமை அங்கே எல்லோரும் கூடித் துப்புரவாக்குகிற சிரமதானம். அக்கா ஒரு கையில் மண்வெட்டியும் மறுகையில் கடைக்குட்டியுமாக ஏற, நான் பின்னால் ஏறினேன். பாதியில் எனக்கு மூச்சு முட்டியது. அக்கா திரும்பி நின்று, "இந்தப் படி ஏறுனாத்தான் எனக்கு இந்த வேல" என்றார். "ஏற முடியலைன்னா வேற எடத்துக்கு மாத்திருவாங்க. மூணையும் விட்டுட்டு எங்க போறது?"

சும்மா சொல்வதுபோலத்தான் சொன்னார். நானும் சும்மா கேட்டுக்கொண்டேன்.

அந்த வருடம் கலாசாலைகளுக்கு இடையிலான போட்டியில் இறுதியாட்டத்துக்கு வந்தோம். அதற்குப் பத்து நாட்கள் இருக்கும்போது, பயிற்சியில், ஒரு பந்து வட்டத்தைவிட்டு விலகிப்போனது. அனுப்பியவள் நான்தான், மறைக்க ஒன்றுமில்லை. அக்கா சட்டத்தை மறந்து எட்டிப்போய் எடுத்தார். அன்று மாலையே முழங்கால் பப்பாசிக்காய் ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். முழங்காலை அமுக்கிப் பார்த்த டொக்டர், இன்னொரு தடவை திரும்பினால் வெட்டித்தான் பார்க்கவேண்டும், அதன்பிறகு மேடு ஏறுவதை மறந்துவிட வேண்டும் என்று சொன்னார். நான்தான் வாயைத் திறந்தேன்.

"வீக்கம் வத்துனா நிக்கலாமா டொக்டர்?"

"நிற்கலாம்" என்றார் அவர்.

நிற்கிறது என்றால் பஸ்ஸுக்கு நிற்கிறது என்று அவர் நினைத்திருப்பார். இறுதியாட்டத்தில் நிற்கலாம் என்று நான் எடுத்துக்கொண்டேன். வாசலுக்கு வருவதற்குள் என் மனதில் அது டொக்டரின் அனுமதியாகவே ஆகிவிட்டது.

ஆனாலும் வீக்கம் வற்றவேண்டுமே. கலாசாலை வாசலில் ஒரு பலாமரத்தடியில் சின்னப் பிள்ளையார் ஒருவர் இருந்தார். எனக்கு வேண்டியது எதையும் நான் அந்தோனியாரிடம் கேட்டுத்தான் பழக்கம். ஒரு மெழுகுதிரியோடு காரியம் முடிந்துவிடும். ஆனால் அக்காவின் முழங்கால் சைவ முழங்கால். அதற்காக அந்தோனியாரைத் தொந்தரவு செய்வது முறையாகப் படவில்லை. பிள்ளையாரிடமே போனேன். அவரிடம் எப்படிக் கேட்பது, என்ன கொடுப்பது என்று எனக்குத் தெரியாது. பரீட்சைக் காலத்தில் எங்கள் பிள்ளைகள் அவர் முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடுவதைப் பார்த்திருக்கிறேன். நூற்றெட்டு என்று எண்ணுவதையும் கேட்டிருக்கிறேன். அதுதான் அவருக்கு வழக்கம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

"அக்காவோட முட்டிய சரியாக்கிரு சாமி" என்றேன். "அக்கா ஒனக்கு நூத்தியெட்டுத் தோப்புக்கரணம் போடுவாங்க."

முழங்கால் வலிக்காரிக்கு உட்கார்ந்து எழும்புகிற நேர்த்திக்கடன். உலகத்தில் வேறு யாருக்கும் இது தோன்றியிருக்காது. எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு நிற்காமல், நல்ல காரியம் செய்த பெருமையில் சிரித்துக்கொண்டே விடுதிக்கு வந்தேன்.

எட்டாம் நாள் வீக்கம் வற்றிவிட்டது. ஒன்பதாம் நாள் அக்கா நொண்டாமல் நடந்தார். சனிக்கிழமை ஆட்டம். வெள்ளிக்கிழமை பின்னேரம் தேநீர் குடிக்கிற நேரத்தில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் நேர்த்தியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் சிரித்துப் புரண்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார்.

"யாரு போடுறதா சொன்ன?"

"நீங்கன்னு சொன்னேன்."

"நூத்தியெட்டா?"

"ஆமாங்க்கா."

சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. அக்கா எழும்பினார்.

"சாமிக்குச் சொன்னதச் செய்யாம நான் கோர்ட்டுல கால் வைக்க மாட்டேன்" என்றார். "இப்பவே போட்டுர்றேன்."

பத்துப் பேரும் வாசலை மறித்துக்கொண்டு நின்றோம். நான் காலில் விழாத குறை. என் வாயால் சொன்னது, நானே போடுகிறேன் என்றேன். வேதக்காரி போட்டால் சேருமா என்று ஒருத்தி கேட்டாள். கடைசியில் கலாசாலைக் காவல்காரரான வாட்சரைக் கூட்டிவந்தோம். அந்தப் பிள்ளையாருக்கு விளக்கு வைப்பவர் அவர்தான், பூசாரி என்றாலும் அவர்தான். நடந்ததை முழுக்கக் கேட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவங்க பேருல சொன்னத இவங்கதான் போடணும்" என்றார். "இல்லாட்டி இவங்க கூட ஒரே சட்டியில சாப்புடுறவங்க போடலாம்."

விடுதியில் எல்லோருக்கும் ஒரே சட்டிதான். எங்களுக்கு உயிர் வந்தது.

"எல்லாரும் சேந்து நூத்தியெட்டு, அப்படித்தானே?" என்றேன்.

"அதெப்படி? ஆளுக்கு நூத்தியெட்டு. பங்கு போட்டுக்கிற இது என்ன பலாப்பழமா?"

போட்டோம். பலாமரத்தடியில் இரண்டு வரிசையாக, அக்காவைத் தவிர அணியில் இருந்த பத்துப் பேரும், மாற்று ஆட்டக்காரிகள் உட்பட. யாராவது இரண்டு பேரை மிச்சம் வைப்போம் என்ற யோசனை ஒருத்திக்கும் வரவில்லை. அக்காவுக்கு ஒரு கதிரை போட்டிருந்தோம். அதில் உட்கார்ந்து அவர்தான் எண்ணினார். நேர்த்தி தன் பேரில் இருந்ததால் ஒன்றுகூடக் குறையவிடவில்லை.

"அடியே, முழுசா உக்காரு. அது அரைதான், கணக்கில்ல."

எனக்கு எந்தக் கையால் எந்தக் காதைப் பிடிப்பது என்பதே தெரியவில்லை. பக்கத்தில் நின்றவளைப் பார்த்துப் பார்த்துப் பிடித்தேன். ஐம்பது வரை சிரித்துக்கொண்டு போட்டோம். எண்பதில் பேச்சு நின்றுவிட்டது. நூறு தாண்டியபோது என் தொடை இரண்டும் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தன. அந்த வழியாகப் போன விரிவுரையாளர் நின்று பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"நல்ல எக்சசைஸ்" என்றார். "இதை நீங்கள் முதலே துவங்கியிருக்கலாம்."

அன்றிரவு எல்லோரும் நன்றாகத் தூங்கினோம். கடன் தீர்ந்தது, முழங்கால் சரியாயிற்று, விடிந்தால் கப் என்றுதான் நான் நினைத்தேன்.

விடிந்ததும் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன். கால் என்னுடையது இல்லை. தொடையைத் தொட்டால் கண்ணில் தண்ணீர் வந்தது. மேல்மாடியிலிருந்து இறங்குகிற படிக்கட்டில் போய்ப் பார்த்தால், எங்கள் அணி முழுவதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக முனகிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது. ஒருத்தி உட்கார்ந்தே இறங்கினாள். கீழறையிலிருந்து வெளியே வந்த அக்கா, தலை சீவி, சப்பாத்துப் போட்டு, நேராக நின்று எங்களைப் பார்த்தார். பதினொரு பேரில் கால் ஒழுங்காக இருந்தது அவருக்கு மட்டும்தான்.

"என்னாடி இது?" என்றார்.

வேனில் ஏறுவதற்கு ஒருவரையொருவர் தூக்கிவிட வேண்டியிருந்தது.

ஆட்டம் பதுளை டவுனில். எதிரணி வெலிமடைப் பக்கத்திலிருந்து வந்த கலாசாலை, உயரமான பிள்ளைகள், நல்ல பிள்ளைகள். முதல் செட்டில் எங்களைச் சுருட்டிக் கையில் கொடுத்தார்கள். அக்கா ஒன்றும் பிழை விடவில்லை. பந்து வழக்கம்போல் அழகாக எழும்பி, வலைக்கு மேலே என் கைக்காகக் காத்து நின்றது. நான்தான் கீழே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எம்பு என்று தலை சொல்லும், தொடை கேட்காது. என்னைப்போலவே மற்றவர்களும் நின்றார்கள்.

இரண்டாவது செட்டில் அக்கா யோசனையை மாற்றினார். எங்களுக்குத் தூக்கிக் கொடுப்பதுபோல் கையைக் கொண்டுபோய், கடைசி நேரத்தில் விரலால் தட்டி அந்தப் பக்கமே போட்டுவிட்டார். ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, நின்ற இடத்திலிருந்தே. எங்களுக்கு அப்போது ஒரே வேலை, பந்தை வட்டத்துக்குள் அனுப்புவது. அதை எங்களைவிட நன்றாகச் செய்ய ஊவாவில் ஆள் இல்லை. மாலை மாலையாக அதை மட்டும்தானே பழகினோம். அந்தச் செட் எங்களுக்கு வந்தது. ஒரே ஆள் தட்டித் தட்டியே எடுத்துத் தந்தார் என்றுதான் சொல்லவேண்டும்.

மூன்றாவது செட்டில் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி, பதினைந்தில் முடியும். வெலிமடைப் பிள்ளைகள் சுதாரித்துக்கொண்டார்கள். அக்கா தட்டுகிற இடத்துக்கெல்லாம் முன்கூட்டியே ஆள் வந்து நின்றது. பத்துக்குப் பத்து. அப்போதுதான் அக்கா எம்பினார்.

நான் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் எம்பி நான் பார்த்ததே இல்லை. முப்பத்தேழு வயது, மூன்று பிள்ளைகள், இரண்டாவது தொடுகையிலேயே பந்தை மேலே வைத்து அடித்தார். எதிரணி அசையவில்லை. எங்கள் கலாசாலைக்காரர்கள் கூரை இடிந்ததுபோல் சத்தம் போட்டார்கள். நானும் கத்தினேன். அடுத்ததற்கும் எம்பினார், அதுவும் புள்ளி. ஒன்றை அவர்கள் எடுத்தார்கள். மூன்றாவது தடவை எம்பினார். பதின்மூன்றுக்குப் பதினொன்று. இன்னும் இரண்டு புள்ளி.

மூன்றாவது தடவை இறங்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். இடது கால் தரையில் பட்டதும் லேசாக உள்ளே மடங்கியது. விழவில்லை. உடனே நிமிர்ந்துவிட்டார். சத்தத்தில் வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர் உதட்டைக் கடித்ததை நான் பார்த்தேன். எனக்கு அந்த நேரத்தில் டொக்டர் ஞாபகத்துக்கு வரவில்லை. கல்படிதான் வந்தது. மண்வெட்டியும் கடைக்குட்டியுமாக அவர் ஏறியது வந்தது.

நான் விரிவுரையாளரைப் பார்த்து இரண்டு கையையும் சுழற்றினேன். ஆளை மாற்றவேண்டும் என்பதற்கு அதுதான் சைகை. அவர் ஓடிவந்தார்.

"ஆரை?"

"அக்காவ."

அவர் புள்ளிப் பலகையைப் பார்த்தார். ஒரு வருடமாக என்னிடம் சொன்னதையே சொன்ன மனிதர், இப்போது தயங்கினார்.

"பிள்ளை, கப் கையிலை இருக்கு."

"தெரியும் சேர். எடுங்க."

அக்கா என்னிடம் வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"எதுக்குடி?"

"போதும்க்கா."

"எனக்கு ஒண்ணுமில்ல."

"போதும்க்கா, உக்காருங்க."

என்னை அவர் பார்த்த பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பிறகு வெளியே போனார். எனக்குக் காட்டவேண்டும் என்பதற்காகவே துளியும் நொண்டாமல் நடந்து போய், வாங்குப் பலகையில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டார்.

செட்டர் இடத்தில் நான் நின்றேன். பந்து வந்தது. எங்கள் பிள்ளைகள் அதை எடுத்து, வழக்கம்போல், வட்டத்துக்குள், என் நெற்றிக்கு நேரே அனுப்பினார்கள். என்னிடம் இவ்வளவு நல்ல பந்து அதுவரை வந்ததே இல்லை. அதை நான் தூக்கிய தூக்கில் அது வலைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. அவர்கள் சிரித்துக்கொண்டே அடித்தார்கள். அடுத்ததும் போனது. பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. மூன்றாவதை நான் ஒழுங்காகத் தூக்கினேன். இடதுபக்கம் நின்றவள், கடவுளே என்று முனகிக்கொண்டு, நான்கு அங்குலம் எம்பி அடித்தாள். புள்ளி. அந்த ஒரு பந்தைப் பற்றி நான் பிறகு பல வருடங்கள் பேசியிருக்கிறேன், இப்போதும் பேசுவேன். ஆனால் அடுத்த மூன்றும் என் கையாலேயே போயின. பதினான்குக்குப் பதினாறில் தோற்றோம்.

வேனில் அக்கா முன் ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் பின்னால் தொடையைத் தடவிக்கொண்டு வந்தோம். விரிவுரையாளருக்கு நேர்த்திக் கதையை யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். நான் தோற்றதைவிட எனக்கு அது வலித்தது.

விடுதி வாசலில் அக்கா திரும்பி நின்றார்.

"என் முட்டிய நான் பாத்துக்குவேன்டி. நீ ஒன் வாயப் பாத்துக்க."

அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை. இரண்டு மாதத்தில் பயிற்சி முடிந்தது. விடைபெறுகிற நாளில் எல்லோரையும் கட்டிப்பிடித்து அழுதார். எனக்குத் தலையை மட்டும் ஆட்டினார். நான் செய்தது சரி என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்தத் தலையாட்டல் எனக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. சரியாகச் செய்துவிட்டு இவ்வளவு அழுதவள் நானாகத்தான் இருப்பேன்.

பத்து வருடத்துக்கு மேல் கழிந்தது. நான் ஆசிரிய ஆலோசகராகி, பாடசாலை பாடசாலையாகப் போய்க்கொண்டிருந்தேன். எம்பி எம்பி இறங்கியதன் பலனாக என் வலது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. ஒருநாள் பசறைப் பக்கத்துப் பட்டியலில் அந்தப் பாடசாலையின் பெயர் இருந்தது. அக்கா அங்கே தலைமையாசிரியை, அதிபர் என்று கேள்விப்பட்டிருந்தேன். வேறு யாரையாவது அனுப்பச் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு போனேன்.

பஸ்ஸைவிட்டு இறங்கி, கல்படியின் அடியில் நின்று மேலே பார்த்தேன். படி கூடியும் இல்லை, குறைந்தும் இல்லை. இருபது படி ஏறியதும் முழங்கால் கத்தத் தொடங்கியது. இன்னும் பத்து ஏறி, பையைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டேன். மேலே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் என்னைக் கண்டு உள்ளே ஓடினார்கள். சற்று நேரத்தில் படியின் உச்சியில் ஒருவர் வந்து நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"அங்கேயே நில்லு" என்று குரல் வந்தது. "ஏறாத. நான் வாறேன்."

அக்கா இறங்கி வந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முந்நூறு படியையும் சீராக, ஒரே வேகத்தில். ஐம்பதை நெருங்கிய மனுஷி. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இடது முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"எந்தக் கால்?"

"வலதுக்கா."

"எனக்கு எடது" என்று சொல்லி என் பையைத் தூக்கிக்கொண்டார். மறுகையை என் கக்கத்தில் கொடுத்தார். ஏறத் தொடங்கினோம். ஐந்தாறு படி போனதும் வாயைத் திறந்தார்.

"பதிமூணு பதினொண்ணு."

நான் அடுத்த படியில் காலை வைத்தேன்.

"ரெண்டே ரெண்டு பாயிண்ட்டு."

"ரெண்டு வாட்டி எம்பணும்க்கா."

"எம்பியிருப்பேன்."

"தெரியும். அதான் எடுத்தேன்."

அக்கா என்னைத் தாங்கிக்கொண்டு ஏறினார். பாதி தூரத்தில், அன்று எனக்கு மூச்சு முட்டிய அதே இடத்தில், நின்றார். நானும் நின்றேன். கீழே பஸ் ஒன்று வளைவில் திரும்பிப் போனது.

"தெனம் ரெண்டு வாட்டி ஏறுறேன்டி இத" என்றார். "காலையில ஒருக்கா, பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிட்டு ஒருக்கா. ஒவ்வொரு வாட்டியும் அந்த ரெண்டு பாயிண்ட்ட நெனச்சு ஒன்னையத் திட்டுவேன்."

"இன்னைக்குமா?"

"இன்னைக்குத் திட்டல. ஒன்னையத் தூக்கிக்கிட்டு ஏறவே சரியா இருக்கு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் பார்க்காததுபோல் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். தினம் இரண்டு தடவை, பத்து வருடத்துக்கு மேல். அத்தனை திட்டும் எனக்கு வேண்டும், ஒன்றுகூடக் குறையாமல் வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மிச்சப் படிகளையும் ஏறினேன்.